மந்தை இன்னொருவருடையது: வேதாகம மேய்ப்பனிடம் தலைமைப் பொறுப்பைக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூருக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளில் பலர், அங்குள்ள புல்வெளிச் சரிவில் மேய்கிற செம்மறிகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த ஆடுகள் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்கு உரியவை. அரசின் மந்தை என்பதால், எந்த ஆடு எப்போது ஈன்றது, எது நோயுற்றது, எது ஏன் இறந்தது என்ற கேள்விகளுக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். படத்தில் அந்தப் பொறுப்பு தெரிவதில்லை. திருச்சபை நாட்காட்டிகளில் குட்டியைத் தோளில் சுமந்து நிற்கிற மேய்ப்பன் படத்துக்கும் இதே குறை உண்டு. அன்பு தெரிகிறது, கணக்கு தெரிவதில்லை. வேதாகமம் காட்டுகிற மேய்ப்பனோ, இன்னொருவருடைய ஆடுகளைப் பொறுப்பேற்று, ஒவ்வொன்றுக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உழைப்பாளி.

அந்த மேய்ப்பனை முன்மாதிரியாகக் கொண்டு தங்கள் பொறுப்பைச் செய்ய விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. சபை மூப்பர்களை மட்டும் மனத்தில் வைத்து இது எழுதப்படவில்லை. மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி, மாணவர் விடுதியின் காப்பாளர், மேல்மலைக் கிராமப் பள்ளியின் தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர் என யாருக்கும் இது பயன்படும். எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கப்படுகிற மேய்ப்பர்கள் முதன்மையாக நாட்டை ஆண்டவர்களே. பண்டைய மேற்கு ஆசியாவில் அரசனை மேய்ப்பன் என்று அழைப்பது வழக்கம். பாபிலோனிய அரசன் ஹம்முராபி தன் சட்டத் தொகுப்பின் முன்னுரையில் தன்னையே மேய்ப்பன் என்று சொல்லிக்கொள்கிறான். ஆட்சியாளர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட அந்தப் பட்டத்தைத் தீர்க்கதரிசிகள் எடுத்து, அந்தப் பட்டத்துக்குரிய வேலையைச் செய்தீர்களா என்று கேட்டார்கள்.

தொடங்குவதற்கு முன் வாசிக்க வேண்டியவை

ஆதியாகமம் 31:38-42, 33:12-14, சங்கீதம் 23, எசேக்கியேல் 34, யோவான் 10:1-18, 1 பேதுரு 5:1-4 ஆகிய பகுதிகளை ஒரு வாரத்துக்குள் வாசித்து முடியுங்கள். வழக்கமாக எல்லோரும் சங்கீதம் 23-இல் தொடங்குவார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் எசேக்கியேலில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. சங்கீதம் 23 ஆட்டின் வாயிலிருந்து வருகிற பாட்டு. மேய்ப்பனாக இருந்த தாவீதின் பெயரால் வழங்குகிற அந்தச் சங்கீதத்தில் அவர் தன்னை ஆடாகவே வைத்துப் பேசுகிறார். அது நமக்கு ஆறுதல் தரும். எசேக்கியேல் 34 மேய்ப்பனை நிறுத்தி விசாரிக்கிற நீதிமன்றம். எசேக்கியேல் கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களோடு போனவர். எருசலேம் விழுந்த செய்தி 33-ஆம் அதிகாரத்தில் அவருக்கு எட்டுகிறது. அடுத்த அதிகாரமே மேய்ப்பர்களைப் பற்றியது. ஒரு நாடு சிதறிப்போனதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியோடு அதை வாசித்தால், அதன் கடுமை புரியும்.

மக்களை ஆடுகள் என்பது அவர்களைத் தாழ்த்துவது ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் யோவான் 10-இல் ஆடுகள் அந்நியன் குரலை அறியாததால் அவனுக்குப் பின்செல்லாமல் ஓடிப்போகின்றன. அதாவது, அவை மேய்ப்பனைச் சோதித்தறிகின்றன. பேதுருவின் நிருபத்திலோ மூப்பர்களுக்கு மேலே ஒரு பிரதான மேய்ப்பர் இருக்கிறார், அவர் முன்னிலையில் மூப்பரும் மந்தையில் ஒருவரே. வாய்மூடி இருக்கும்படி மக்களைச் சொல்வதற்கு இந்த உருவகத்தைப் பயன்படுத்துகிறவர், அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

முதல் படி: மந்தை யாருடையது என்று எழுதி வையுங்கள்

மோசே ஓரேப் மலைக்கு ஓட்டிச் சென்றது தன் மாமனார் எத்திரோவின் ஆடுகளை. தாவீது சிங்கத்திடமிருந்து மீட்டது தன் தகப்பன் ஈசாயின் ஆட்டை. யாக்கோபு இருபது ஆண்டுகள் காத்தது தன் மாமனார் லாபானின் மந்தையை. உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் மூன்று முறை பொறுப்பை ஒப்படைக்கும்போதும், ‘என் ஆடுகள்’ என்றே சொல்கிறார். பேதுருவும் பிற்காலத்தில் மூப்பர்களுக்கு எழுதுகையில், ‘உங்களிடத்திலுள்ள தேவனுடைய மந்தை’ என்கிறார். மந்தை உங்களிடத்தில் இருக்கிறது; உங்களுடையது அல்ல.

ஒரு தாளில் மூன்று பதில்களை எழுதுங்கள். என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் யார்? ஒப்படைத்தவர் யார்? நான் யாருக்கு, எப்போது கணக்குக் கொடுக்க வேண்டும்? விடுதிக் காப்பாளர் என்றால், மேல்மலைக் கிராமங்களான கிளாவரையிலும் போளூரிலும் இருக்கிற பெற்றோரின் பிள்ளைகள் அவரிடம் இருக்கிறார்கள். குழுத் தலைவி என்றால், காரட் பிடுங்கியும் பூண்டு உரித்தும் பெண்கள் சேர்த்த பணம் அவரிடம் இருக்கிறது. விசுவாசிகள் ஒப்படைத்தவர் என்ற இடத்தில் கடவுளின் பெயரையும் எழுதுவார்கள். ஆனால் கடவுளின் பெயரை எழுதிவிட்டு மனிதர்களின் பெயரை விட்டுவிடக் கூடாது. கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்வேன் என்கிற தலைவர், நடைமுறையில் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

இரண்டாம் படி: எண்ணுங்கள், பெயரால் அறியுங்கள்

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனதை லூக்கா 15-இன் மேய்ப்பன் எப்படி அறிந்தான்? எண்ணியதால் அறிந்தான். எண்ணுகிறவனுடைய கைக்குக் கீழாக ஆடுகள் மறுபடியும் கடந்துபோகும் என்று எரேமியா 33:13 எதிர்காலத்தின் அமைதியை வருணிக்கிறது; ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவதே பாதுகாப்பின் அடையாளம். நீதிமொழிகள் 27:23 உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள் என்கிறது. எண்ணிக்கையை அறிவதோடு நின்றுவிட அது இடம் தரவில்லை. யோவான் 10:3-இல் மேய்ப்பன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். நீலகிரியில் தோடர்கள் தங்கள் கறவை எருமைகளைத் தனித்தனிப் பெயரால் அறிவதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது வெறும் அலங்காரமாகத் தோன்றாது.

ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதுகிற சபைகள் பல. வராதவர்களின் பெயரை எழுதுகிற சபைகள் சில. இரண்டாவது வகைப் பதிவேட்டைத் தொடங்குங்கள். ஒரு சாதாரண நோட்டில், ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், வீட்டில் இருப்பவர்கள், தொழில், கடைசியாக நீங்கள் அவரோடு நிதானமாகப் பேசிய நாள், அவர் சொன்ன ஒரு கவலை ஆகியவை போதும். அந்தரங்கமாகச் சொல்லப்பட்டவற்றை அதில் எழுத வேண்டாம். நோட்டு தொலைந்தால் அது பிறர் கையில் ஆயுதமாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் நாள் மிகவும் பழையதாக இருக்கிறதோ, அவரையே அடுத்துச் சந்தியுங்கள். நமக்குப் பிடித்தவர்களை நாம் தானாகவே சந்தித்துவிடுகிறோம். நோட்டு தேவைப்படுவது மற்றவர்களுக்காக.

நோயுற்ற ஆடு பெரும்பாலும் சத்தமிடாது. தீனியைக் குறைக்கும், அசைபோடுவதை நிறுத்தும், மந்தையின் பின்பக்கம் தங்கும். வேட்டையாடப்படுகிற விலங்கு தன் பலவீனத்தை வெளிக்காட்டாமல் இருப்பது அதன் இயல்பு. மனிதர்களிடமும் இதே கவனம் வேண்டும். வழக்கமாகச் சண்டை போடுகிற ஒருவர் திடீரென்று எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டினால், அவர் திருந்திவிட்டார் என்று மகிழ்வதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒருமுறை சென்று பாருங்கள்.

பெயரால் அறிய முடியாத அளவுக்கு உங்கள் மந்தை பெரியது என்றால், யாத்திராகமம் 18-இல் எத்திரோ மோசேக்குச் சொன்ன வழியைப் பின்பற்றுங்கள். காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்த மருமகனைப் பார்த்து, நீரும் ஜனங்களும் சேர்ந்தே தொய்ந்துபோவீர்கள் என்றார் மாமனார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து எனப் பொறுப்பாளர்களைப் பிரித்து நியமிக்கச் சொன்னார். இந்த அடுக்கில் பத்துப் பேருக்குப் பொறுப்பானவரே எல்லோரையும் பெயரால் அறியக்கூடியவர். ஆகவே அவரைத் தேர்ந்தெடுப்பதிலேயே அதிகக் கவனம் செலுத்த வேண்டும். நாம் மேல்மட்டக் குழுவைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் முழுவதும் செலவழித்துவிட்டு, பகுதிப் பொறுப்பாளர்களை ஐந்து நிமிடத்தில் அறிவித்துவிடுகிறோம்.

மூன்றாம் படி: வேகத்தைக் கடைசி ஆட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

இருபது ஆண்டுகளுக்குப் பின் சந்தித்த அண்ணன் ஏசா, சேர்ந்து பயணம் செய்வோம் என்று அழைத்தபோது, யாக்கோபு மறுத்துச் சொன்ன பதில் தலைமையைப் பற்றிய நூல்கள் பலவற்றைவிட மேலானது. பிள்ளைகள் இளையவர்கள், கறவையான ஆடுமாடுகள் என்னிடம் இருக்கின்றன, அவற்றை ஒருநாளாவது துரிதமாய் ஓட்டினால் மந்தையெல்லாம் மாண்டுபோகும், மந்தைகளின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் தக்கதாக மெதுவாக வருகிறேன் என்றார். யாக்கோபு பின்னர் ஏசாவின் சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்குப் போய்விட்டதை வைத்துப் பார்த்தால், இது அண்ணனைத் தவிர்க்கச் சொன்ன சாக்காகவும் இருக்கலாம்; யாக்கோபு அப்படிப்பட்டவர்தான். ஆனாலும் கால்நடை வைத்திருப்பவர் யாரும் மறுக்க முடியாத உண்மை என்பதால்தான் அந்தச் சாக்கு செல்லுபடியானது. ஏசாயா 40:11-இல் கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார் என்று கடவுளைப் பற்றியே சொல்லப்படுகிறது.

நடைமுறையில், ஒவ்வொரு திட்டத்தையும் அறிவிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் முதலில் பின்தங்கப் போகிறவர் யார்? கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்தால், தோட்ட வேலை முடித்து வருகிற பெண்ணுக்குக் கடைசிப் பேருந்து கிடைக்குமா? அறிவிப்பைக் கைப்பேசிக் குழுவில் மட்டும் போட்டால், சமிக்ஞை கிடைக்காத சரிவில் வசிக்கிற பளியர் குடும்பத்துக்கு அது எப்போது தெரியவரும்? நன்கொடைத் தொகையை ஒரே அளவாக நிர்ணயித்தால், டிசம்பர், ஜனவரி உறைபனியில் உருளைக்கிழங்கைப் பறிகொடுத்த விவசாயி அதைக் கொடுக்க முடியாமல் கூட்டத்துக்கே வராமல் நின்றுவிடுவாரா? பெயரைக் குறிப்பிட்டு யோசியுங்கள். பொதுவாக யோசித்தால் எல்லாத் திட்டமும் நன்றாகவே இருக்கும்.

வேகமாக நடக்கக்கூடியவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழும். அவர்களைத் தடுத்து நிறுத்தினால் சலித்துப்போவார்கள். முன்னால் சென்று அடுத்த மேய்ச்சலைப் பார்த்துவரும் வேலையை அவர்களுக்குக் கொடுங்கள். ஆனால் மந்தையின் வேகத்தை அவர்கள் தீர்மானிக்க விடாதீர்கள்.

நான்காம் படி: முன்னால் சென்று மேய்ச்சலைப் பாருங்கள்

‘புல்லுள்ள இடங்கள்’ என்பதை வாசிக்கும்போது நம் கண்ணில் மன்னவனூரின் பச்சை விரிகிறது. யூதேயாவின் மேய்ச்சல் நிலம் அப்படிப்பட்டதல்ல. மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்கிற, கோடை முழுவதும் காய்ந்து கிடக்கிற, கல்லும் சரிவும் நிறைந்த நிலம் அது. புல் எங்கே எந்த மாதத்தில் இருக்கும், நீர் எந்தக் குழியில் தேங்கும் என்பதை மேய்ப்பன் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நம் மலையிலும் புல்வெளி இயல்பாகவே எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. சோலைக்காடும் புல்வெளியும் கலந்திருந்த பழனி மலையின் மேற்பகுதியில், சீகை, பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டதால் புல்வெளிகளில் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

எனவே அடுத்த மூன்று மாதங்களை இப்போதே பாருங்கள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலம், மழைக்காலத்தில் மலைச்சாலை மறிக்கப்படக்கூடிய வாரங்கள், கோடை சீசனில் விடுதிகளிலும் கடைகளிலும் இளைஞர்கள் இரவு பகலாக வேலை செய்கிற நாட்கள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் யாருக்கு என்ன தேவைப்படும் என்று எழுதுங்கள். மாற்கு 6:34-இல் இயேசு மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போலிருந்த கூட்டத்தைக் கண்டு மனதுருகி முதலில் போதித்தார். பொழுது சாய்ந்ததும் அவர்களை அனுப்பிவிடுமாறு சீடர்கள் சொன்னபோது, நீங்களே அவர்களுக்கு உணவு கொடுங்கள் என்றார். மனத்துக்கான உணவையும் வயிற்றுக்கான உணவையும் இரண்டு துறைகளாகப் பிரித்து, ஒன்று மட்டும் தன் வேலை என்று சொல்லும் உரிமை மேய்ப்பனுக்கு இல்லை.

ஐந்தாம் படி: எசேக்கியேலின் ஐந்து கேள்விகளால் தணிக்கை செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எசேக்கியேல் 34:4 மேய்ப்பர்கள் செய்யத் தவறிய ஐந்து வேலைகளை அடுக்குகிறது: பலவீனமானவற்றைத் திடப்படுத்தவில்லை, நசல்கொண்டவற்றை, அதாவது நோயுற்றவற்றை, குணமாக்கவில்லை, எலும்பு முறிந்தவற்றுக்குக் காயங்கட்டவில்லை, துரத்துண்டவற்றைத் திரும்பக் கொண்டுவரவில்லை, காணாமற்போனவற்றைத் தேடவில்லை. இவை ஒரே கருத்தை ஐந்து விதமாகச் சொல்கிற கவிதை வரிகளாகத் தோன்றினாலும், ஐந்துக்கும் ஐந்து வகை மருத்துவம் இருக்கிறது. உங்கள் நோட்டில் உள்ள பெயர்களை இந்த ஐந்து தலைப்புகளின் கீழ் எழுதிப் பாருங்கள்.

பலவீனமானவருக்கு நோய் ஒன்றுமில்லை, ஊட்டம் போதவில்லை. வங்கிப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாத புதிய உறுப்பினர், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை ஆகியோர் இந்த வகையினர். இவர்களுக்குச் சலுகை தருவதைவிட, சிறிய பொறுப்புகளைத் தந்து படிப்படியாக வலுப்படுத்துவதே மருந்து.

நசல்கொண்டவருக்கு மருத்துவர் தேவை. குடிப்பழக்கம், மனச்சோர்வு, தீராத கடன் ஆகியவற்றுக்கு அறிவுரை சொல்லி அனுப்புவது, புழுத்தாக்கம் உள்ள ஆட்டைத் தடவிக் கொடுத்து அனுப்புவதற்குச் சமம். ஜெபியுங்கள், அதோடு கூடவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மலையிலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போய்வருவது ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் விழுங்கும் என்பதால், பலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். கூடச் செல்ல ஒருவரை ஏற்பாடு செய்வதே பாதி வைத்தியம்.

எலும்பு முறிந்தவர் திடீர் அடி வாங்கியவர். வீட்டில் ஒரு மரணம், மண்சரிவில் போன நிலம், முறிந்த திருமணம். கட்டுப்போட்ட எலும்பை அசைக்கக் கூடாது. அவரைச் சீக்கிரம் பழைய வேலைக்குத் திருப்புவதில் அவசரம் காட்டாமல், அவருடைய பொறுப்புகளைப் பிறரிடம் தற்காலிகமாகக் கொடுத்து, இடம் காலியாகவே வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

நான்காவதும் ஐந்தாவதும்தான் அடிக்கடி குழப்பப்படுகின்றன. காணாமற்போனது தானாக வழிதவறியது. துரத்துண்டது யாரோ விரட்டியதால் போனது. ஒருவர் குழுவைவிட்டு நின்றதும் நாம் உடனே அவரைக் காணாமற்போனவர் பட்டியலில் சேர்த்து, அவர் மனம் திரும்ப வேண்டும் என்று ஜெபிக்கத் தொடங்குகிறோம். உண்மையில் அவரைச் சாதிப் பேச்சு விரட்டியிருக்கலாம். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்ட ஒரு பணக் கேள்வி விரட்டியிருக்கலாம். நம்முடைய கோபமே விரட்டியிருக்கலாம். துரத்துண்டவரைத் தேடிப்போகும்போது, ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. என்ன நடந்தது என்று கேட்டு, இடையில் பேசாமல் கேட்டுக்கொண்டு, தவறு நம் பக்கம் இருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்க வேண்டும். விரட்டியவர் மந்தைக்குள் அப்படியே நிற்கிறபோது விரட்டப்பட்டவரைத் திரும்ப அழைப்பது கொடுமை; அதனால் அடுத்த படியைச் செய்யாமல் இந்தப் படி முழுமையடையாது.

காணாமற்போனவரைப் பொறுத்தவரை லூக்கா 15 தெளிவாக இருக்கிறது. மேய்ப்பன் தேடுகிறான், கண்டுபிடிக்கும்வரை தேடுகிறான், தோளில் போட்டுக்கொண்டு வருகிறான், அண்டை வீட்டாரை அழைத்து மகிழ்கிறான். திட்டுவதற்கு அந்த உவமையில் ஒரு வரிகூட இல்லை. மீதித் தொண்ணூற்றொன்பதையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்பவர்களுக்கு, மேய்ப்பர்கள் தனியாக வேலை செய்தவர்கள் அல்லர் என்பதே பதிலாக இருக்கலாம். லூக்கா 2:8-இல் இரவில் காவல் காத்தவர்கள் பலர். தேடிப்போகிற நாளில் உங்கள் இடத்தில் நிற்க ஒருவரை முன்பே பழக்கி வையுங்கள்.

ஆறாம் படி: ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே நியாயம் தீருங்கள்

எசேக்கியேல் மேய்ப்பர்களைக் கண்டித்துவிட்டு, பிறகு ஆடுகளின் பக்கம் திரும்புகிறார். கொழுத்த ஆடுகள் நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியைக் காலால் மிதிக்கின்றன. தெளிந்த நீரைக் குடித்துவிட்டு மீதியைக் கலக்குகின்றன. பலவீனமானவற்றை விலாவினாலும் தோளினாலும் தள்ளி, கொம்புகளால் முட்டிச் சிதறடிக்கின்றன. தீவனத் தொட்டி முன் ஆடுகள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது மிகை அல்ல என்று தெரியும். தொட்டி குறுகலாக இருந்தால் வலிமையானவை நிறையத் தின்னும், மெலிந்தவை இன்னும் மெலியும். எல்லோருக்கும் பொதுவாகத் தீவனம் போட்டேன் என்று சொல்வதால் மேய்ப்பன் தப்பிவிட முடியாது.

அன்பான தலைவர் என்று பெயர் வாங்க விரும்புகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். யாரையும் புண்படுத்தாமல் இருப்பதையே அன்பு என்று எண்ணி, முட்டுகிற ஆட்டையும் முட்டுப்பட்ட ஆட்டையும் சமமாக நடத்துகிறார்கள். குழுவின் கடன் கடந்த இரண்டு ஆண்டுகளில் யார் யாருக்குப் போயிருக்கிறது, கூட்டத்தில் யார் பேசுகிறார்கள், திருவிழாக் காலத்தில் யார் சமைக்கிறார்கள், யார் மேடையில் அமர்கிறார்கள் என்பதை எழுதிப் பாருங்கள். ஒரே நான்கு பெயர்கள் எல்லா நல்ல இடங்களிலும் வந்தால், தொட்டி குறுகலாக இருக்கிறது. முதலில் தொட்டியை நீளமாக்குங்கள்: கடனுக்கு முறை வையுங்கள், பேசாதவர்களிடம் முதலில் கருத்துக் கேளுங்கள். அதன் பிறகும் முட்டுகிறவரைத் தனியாக அழைத்து, அவர் செய்தது என்ன என்பதை நாள் குறித்துச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

இந்தப் படியில் தலைவரும் தப்புவதில்லை. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதிடம் நாத்தான் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னபோது, மேய்ப்பனாக வளர்ந்த அரசன் கொதித்தெழுந்து, தானே தனக்குத் தீர்ப்பு எழுதினான். உங்களிடம் அப்படி வந்து பேசக்கூடிய ஒரு நாத்தான் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், நேர்மையான ஒருவரிடம் நீங்களே போய், ஆண்டுக்கு ஒருமுறையாவது என் குறைகளைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

ஏழாம் படி: ஓநாயை ஓநாய் என்று சொல்லுங்கள்

இந்த மலையில் சிறுத்தையும் செந்நாயும் உண்டு. ஆடு வளர்ப்பவர் அதை மறைத்துப் பேசுவதில்லை. மந்தைக்குள் வருகிற ஆபத்தை மட்டும் நாம் மானத்துக்காக மறைக்கிறோம். கந்துவட்டிக்காரர், வெளிநாட்டு வேலை என்று பணம் பறிக்கிற தரகர், இளைஞர்களைப் போதைக் காளானுக்கு இழுக்கிறவர் ஆகியோரைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். பவுல் எபேசு மூப்பர்களிடம் விடைபெறும்போது, கொடிய ஓநாய்கள் வெளியிலிருந்து வரும் என்றதோடு நிற்காமல், உங்களுக்குள்ளிருந்தும் எழும்புவார்கள் என்றார்.

பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால், விசாரணை உங்கள் வேலை அன்று. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தெரிவிக்காமல் மறைப்பது தண்டனைக்குரியது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் சபையின் தூண் என்றாலும், நிறுவனத்தின் பெயர் கெடும் என்றாலும், சமரசம் பேசி முடிக்கிற மேய்ப்பன் ஓநாய்க்குக் கதவு திறந்துவிட்டவன்.

எட்டாம் படி: இழப்பைக் கணக்கில் எழுதுங்கள்

மேய்ப்பனிடம் ஒப்படைக்கப்பட்ட விலங்கு காட்டு மிருகத்தால் பீறுண்டால், அவன் அதன் மிச்சத்தைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். ஈடு கொடுக்கத் தேவையில்லை என்பது யாத்திராகமம் 22:13. சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு கால்களையோ காதின் ஒரு துண்டையோ மேய்ப்பன் பிடுங்குவதாக ஆமோஸ் 3:12 சொல்வதை இந்தச் சட்டத்தோடு சேர்த்துப் படித்தால், அந்தத் துண்டு எதற்கு என்பது விளங்கும். ஹம்முராபியின் சட்டமும் சிங்கம் கொன்றதற்கு மேய்ப்பனைப் பொறுப்பாக்கவில்லை. அவனுடைய கவனக்குறைவால் வந்த இழப்புக்கே அவனை ஈடு கொடுக்கச் சொல்கிறது. இந்தப் பின்னணியில் யாக்கோபு லாபானிடம் சொன்னதைக் கேளுங்கள்: பீறுண்டதை உம்மிடம் கொண்டுவராமல் நானே அதை ஈடுசெய்தேன், பகலில் வெயிலும் இரவில் குளிரும் என்னைப் பட்சித்தன. சட்டம் கேட்டதற்கும் மேலாக அவர் தாங்கினார்.

யாக்கோபும் கூலிக்கு வேலை செய்தவரே. கூலி பத்து முறை மாற்றப்பட்டதாகவும் குறைப்படுகிறார். ஆகவே யோவான் 10-இல் வருகிற கூலியாளின் குற்றம் கூலி வாங்கியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓநாய் வரும்போது இழப்பை ஆடுகள் மேல் விட்டுவிட்டு ஓடியதே அவன் குற்றம். சம்பளம் வாங்குகிற ஆசிரியரும் காப்பாளரும் நல்ல மேய்ப்பராக இருக்கலாம். சம்பளமே வாங்காத தொண்டர் கூலியாளாக இருக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் அறிக்கையில் இழப்புகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை பேர் நின்றுபோனார்கள், எந்தப் பிள்ளை படிப்பை விட்டது, எந்தக் கடன் திரும்பவில்லை, எதில் உங்கள் கவனக்குறைவு இருந்தது, எது சிங்கத்தின் வேலை என்று பிரித்து எழுதுங்கள். வெற்றிகளை மட்டும் அச்சிடுகிற ஆண்டறிக்கையை வைத்து யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. இழப்பைத் தாங்குவது என்பதற்காக உறக்கத்தையும் குடும்பத்தையும் அழித்துக்கொள்வதைப் பெருமையாக எண்ண வேண்டாம். யாக்கோபு உறக்கம் இல்லாததைக் குறையாகவே சொன்னார், சாதனையாகச் சொல்லவில்லை.

ஒன்பதாம் படி: உயிரோடு இருக்கும்போதே ஒப்படையுங்கள்

தான் கானானுக்குள் போகப்போவதில்லை என்று அறிந்தவுடன் மோசே கேட்டது, கர்த்தருடைய சபை மேய்ப்பனில்லாத மந்தையைப்போல் இராதபடிக்கு ஒருவரை ஏற்படுத்தும் என்பதே. எண்ணாகமம் 27-இல் யோசுவா எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தப்பட்டு, மோசேயின் அதிகாரத்தில் ஒரு பங்கு அப்போதே அவருக்குக் கொடுக்கப்படுகிறது. மோசேயின் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வரவில்லை.

பொறுப்பேற்ற ஆண்டிலேயே, உங்களுக்குப் பின் வரக்கூடிய இருவரை மனத்தில் குறித்து, அவர்களை வீடு சந்திப்புகளுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். கையெழுத்திடும் அதிகாரம், சாவி, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஒன்றையாவது இப்போதே பகிருங்கள். ஒப்படைக்கும் நாளில் பெயர் நோட்டையும், இழப்புப் பக்கத்தையும், பாதியில் நிற்கிற வேலைகளின் பட்டியலையும் கொடுங்கள். ஐந்து தலைப்புகளின் கீழ் யார் யார் இருக்கிறார்கள் என்று வாயால் சொல்லுங்கள், எழுதிக் கொடுக்க வேண்டாம். அதன்பின் ஆறு மாதங்களுக்குக் குழுக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். பழைய உறுப்பினர்கள் வீட்டுக்கு வந்து புதியவரைப் பற்றிக் குறை சொன்னால், தேநீர் கொடுத்து, இதை அவரிடமே சொல்லுங்கள் என்று அனுப்பிவையுங்கள். புதியவரே வந்து கேட்டால் மட்டும், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.